ஸ்டேஷன் முதலில், ஊர் அப்புறம்: அமெரிக்க ரயில் நிலையங்களின் கதை

அமெரிக்காவில் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டவர்களுக்கு அர்பானா-ஷாம்பெய்ன் என்ற பெயர் பழக்கமாக இருக்கும். இல்லினாய் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு எதற்கு இரண்டு ஊர்ப் பெயர்? காரணம் ஒரு ரயில்வே ஸ்டேஷன்.

1854இல் இல்லினாய் சென்ட்ரல் என்ற ரயில் கம்பெனி அந்த வட்டாரத்தில் தண்டவாளம் போட்டுக்கொண்டு வந்தது. அர்பானா ஏற்கெனவே இருந்த ஊர். கோர்ட்டும் கடைத்தெருவும் அங்கே உண்டு. ஆனால் தண்டவாளம் ஊருக்குள் வராமல், மேற்கே சுமார் இரண்டு மைல் தள்ளி வெறும் புல்வெளியில் போனது. ஸ்டேஷனையும் அந்தப் புல்வெளியிலேயே கட்டினார்கள். அதைச் சுற்றி விடுதி வந்தது, கடைகள் வந்தன, வீடுகள் வந்தன. முதலில் அந்த இடத்தை மேற்கு அர்பானா என்றார்கள். 1860இல் ஷாம்பெய்ன் என்று தனிப் பெயரே வைத்துக்கொண்டார்கள். பிறகு பழைய ஊரையும் தாண்டி வளர்ந்துவிட்டது. 1867இல் பல்கலைக்கழகத்துக்கு இடம் பார்த்தபோது இரண்டு ஊருக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள்.

ஊர் இருக்கும் இடத்துக்கு ரயில் வரும் என்றுதான் நாம் நினைப்போம். அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் மேற்கிலும் பெரும்பாலும் அது தலைகீழ். தண்டவாளம் முதலில், ஸ்டேஷன் அடுத்து, ஊர் அதற்கும் அப்புறம். இதைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: அந்த ஸ்டேஷன் யாருக்குச் சொந்தம்?

எல்லாம் கம்பெனிச் சொத்து

ரயில்வே என்றாலே ஒரே அரசு நிறுவனம் என்று பழகிப்போனவர்களுக்கு இது முதலில் குழப்பமாக இருக்கும். அமெரிக்காவில் ரயில் ஆரம்பத்திலிருந்தே தனியார் தொழில். பால்டிமோர் அண்ட் ஒஹையோ, பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல், யூனியன் பசிபிக், சான்டா ஃபே என்று கம்பெனிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். தண்டவாளம், இன்ஜின், பெட்டிகள், ஸ்டேஷன் கட்டடம், அது நிற்கும் மண் எல்லாமே அந்தந்தக் கம்பெனியுடையது.

இவற்றில் முன்னோடி பால்டிமோர் அண்ட் ஒஹையோ. 1828 ஜூலை 4 அன்று அதற்கு முதல் கல் நாட்டினார்கள். 1830இல் பால்டிமோரிலிருந்து 13 மைல் தூரத்தில் இருந்த எலிகாட்ஸ் மில்ஸ் வரை வண்டி ஓடியது, அதுவும் முதலில் குதிரை இழுத்துத்தான். அங்கே அப்போது கட்டிய கருங்கல் ஸ்டேஷன் இன்னும் நிற்கிறது. நாட்டில் மிச்சமிருக்கும் ஸ்டேஷன்களில் அதுதான் மிகப் பழையது. இப்போது அருங்காட்சியகம்.

கிழக்குக் கடற்கரையில் ஊர்கள் முன்பே இருந்தன, ரயில் அவற்றைத் தேடிப் போனது. மேற்கே போகப் போக ஊரே இல்லை. அங்கே ரயில் போட்டால் யார் ஏறுவார்கள்? அதற்கு அரசாங்கம் ஒரு வழி செய்தது. காசுக்குப் பதில் நிலம் கொடுத்தது. 1850இல் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டின்படி இல்லினாய் சென்ட்ரலுக்கு மட்டும் சுமார் 26 லட்சம் ஏக்கர் கிடைத்தது. 1862இல் வந்த சட்டம் கண்டத்தின் குறுக்கே பாதை போட்ட கம்பெனிகளுக்கும் இப்படி நிலத்தை அள்ளிக் கொடுத்தது. ஆகவே ரயில் கம்பெனி என்பது பாதி ரியல் எஸ்டேட் கம்பெனி. நிலம் விலை போக வேண்டுமானால் பக்கத்தில் ஸ்டேஷன் வேண்டும், ஸ்டேஷன் பிழைக்க வேண்டுமானால் சுற்றிலும் விவசாயிகள் வேண்டும். நம் மனை விற்பவர்கள் விளம்பரத்தில் "ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்" என்று போடுவார்களே, அதையே ஒரு கண்டம் முழுக்கச் செய்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு ஊர் புதிதாக யோசிக்கவும் இல்லை. இல்லினாய் சென்ட்ரல் பாதையில் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராக மனை பிரித்தார்கள். நடுவில் தண்டவாளம், இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாகத் தெருக்கள், செஸ்ட்நட், வால்நட், ஓக் என்று மரங்களின் பெயர்கள். எனக்கு மிகவும் பிடித்தது நெப்ராஸ்கா கதை. பர்லிங்டன் கம்பெனி அங்கே மேற்கு நோக்கிப் பாதை போட்டபோது ஸ்டேஷன்களுக்கு ஆங்கில அகரவரிசையில் பெயர் வைத்துக்கொண்டே போனது: கிரீட், டார்செஸ்டர், எக்ஸெட்டர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஹார்வர்ட் என்று. அந்த ஹார்வர்டில் பல்கலைக்கழகம் கிடையாது. ஆங்கிலத்தில் எட்டாவது எழுத்து அதற்கு வாய்த்தது, அவ்வளவுதான்.

கம்பெனி கைவிட்டால் ஊர் காலி. யூனியன் பசிபிக் 1867இல் ஷையன் என்ற இடத்தில் முகாம் போட்டது. அது இன்று வயோமிங் மாநிலத்தின் தலைநகரம். அடுத்த ஆண்டு அதே கம்பெனியின் பாதையில் பென்டன் என்ற ஊர் முளைத்தது. கூடாரங்கள், மதுக்கடைகள், சூதாட்டம் என்று அமளிப்பட்டது. தண்டவாள வேலை நகர்ந்ததும் சில மாதங்களிலேயே ஊரே மறைந்தது. இரண்டுக்கும் வித்தியாசம், ஒன்றில் கம்பெனி பட்டறையும் ஸ்டேஷனும் நிரந்தரமாகத் தங்கின, மற்றொன்றில் தங்கவில்லை.

டெப்போவுக்குள் என்ன இருந்தது

நமக்கு டெப்போ என்றால் பஸ்கள் இரவில் தூங்கும் இடம். அமெரிக்கச் சிற்றூர்களில் ஸ்டேஷனைத்தான் டெப்போ என்பார்கள். பிரெஞ்சிலிருந்து வந்த சொல், கிடங்கு என்று பொருள். அந்தப் பெயர் பொருத்தமே. ஏனென்றால் கம்பெனிக்கு வருமானம் சரக்கில்தான், பயணிகள் அதற்கு அடுத்தபடி.

சிற்றூர் டெப்போ பெரும்பாலும் நீளமான ஒரு மரக் கட்டடம். ஒரு முனையில் பயணிகள் காத்திருக்கும் அறை, மறு முனையில் சரக்கு அறை, நடுவில் ஏஜென்டின் அலுவலகம். கம்பெனி ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு பாதை முழுக்க இதையே கட்டியது. வண்ணமும் ஒன்றே. வாசலைப் பார்த்ததுமே எந்தக் கம்பெனியின் ஊர் என்று சொல்லிவிடலாம். பல இடங்களில் ஏஜென்டின் குடும்பம் மாடியிலேயே குடியிருந்தது.

இந்தக் கட்டடங்களின் படத்தைப் பார்த்தால் தண்டவாளப் பக்கம் சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு ஒரு ஜன்னல் இருக்கும். அழகுக்காக வைத்தது அல்ல அது. அதற்குப் பின்னால் ஒரு தந்திக் கதை இருக்கிறது.

ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம்தான். எதிரெதிரே வரும் வண்டிகள் எங்கே ஒதுங்க வேண்டும் என்பதை அட்டவணை மட்டுமே சொல்லும். எதிர் வண்டி தாமதமானால் இந்த வண்டி காத்துக்கிடக்க வேண்டியதுதான். 1851இல் ஈரி ரயில் கம்பெனியின் மேலாளர் சார்ல்ஸ் மைனாட் நியூயார்க் மாநிலத்தின் டர்னர்ஸ் என்ற ஸ்டேஷனில் இப்படி மாட்டிக்கொண்டார். அங்கிருந்து 14 மைல் தள்ளியிருந்த கோஷனுக்குத் தந்தி அடித்து, எதிர் வண்டி இன்னும் வரவில்லை என்று தெரிந்துகொண்டார். அது வந்தால் அங்கேயே நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, இங்கே வண்டியை எடுக்கச் சொன்னார். டிரைவர் மறுத்துவிட்டார். கம்பியில் வந்த செய்தியை நம்பி உயிரை விட அவர் தயாராக இல்லை. மைனாட் தானே இன்ஜினில் ஏறி ஓட்டினார். டிரைவர் போய்க் கடைசிப் பெட்டியின் கடைசி இருக்கையில் உட்கார்ந்துகொண்டாராம். நேருக்கு நேர் மோதினால் அங்கேதான் கொஞ்சம் பாதுகாப்பு என்று கணக்குப் போட்டிருப்பார். வண்டி கோஷனையும் தாண்டிப் பத்திரமாகப் போனது.

அதன் பிறகு வண்டிகளை நடத்தும் உத்தரவெல்லாம் தந்தியில் வரத் தொடங்கியது. ஏஜென்ட் மேஜையை விட்டு எழாமலே பாதையின் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், காது தந்திக் கருவியில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் துருத்திய ஜன்னல். கூரைக்கு மேலே கைகாட்டி. வண்டி நிற்காமல் போகும்போது உத்தரவுத் தாளை ஒரு வளையத்தில் மாட்டி உயர்த்திப் பிடிப்பார்கள், இன்ஜினில் இருப்பவர் கையை நீட்டி வாங்கிக்கொள்வார். தபால் பையையும் இதே போல ஓடும் வண்டியின் இரும்புக் கொக்கி பறித்துக்கொண்டு போகும்.

ஊருக்கு ஒரே தந்தி அங்கே இருந்ததால் தேர்தல் முடிவு, பருத்தி விலை, பேஸ்பால் ஆட்டத்தின் ஸ்கோர் எல்லாம் முதலில் டெப்போவுக்கு வந்தன. பால் கேன்கள் அங்கிருந்து போயின. கடிதங்கள், கோழிக்குஞ்சுகள், பட்டியலைப் பார்த்து வரவழைத்த தையல் மெஷின், வெளியூரில் இறந்தவரின் சவப்பெட்டி எல்லாம் அங்கே வந்து இறங்கின. வண்டி வரும் நேரத்துக்கு வேலை இல்லாதவர்களும் பிளாட்பாரத்துக்கு வந்துவிடுவார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க.

நேரம்கூட ஸ்டேஷனிலிருந்துதான் வந்தது. 1883 வரை ஒவ்வொரு ஊருக்கும் சூரியனைப் பார்த்து வைத்த தனி நேரம், ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி நேரம். பஃபலோ நகர ஸ்டேஷனில் மூன்று கடிகாரங்கள் மூன்று நேரம் காட்டின. ரயில் கம்பெனிகள் கூடிப் பேசி 1883 நவம்பர் 18 அன்று நாட்டை மண்டலங்களாகப் பிரித்துக் கடிகாரங்களை மாற்றின. சில ஊர்களில் அன்றைக்கு நண்பகல் இரண்டு தடவை வந்தது. அரசாங்கம் இதைச் சட்டமாக்கியது 1918இல். முப்பத்தைந்து வருஷம் ஒரு நாடு ரயில் கம்பெனி வைத்த மணியில் ஓடியிருக்கிறது.

இரண்டு காத்திருப்பு அறைகள்

தெற்கு மாநிலங்களின் பழைய டெப்போக்களில் காத்திருப்பு அறை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வெள்ளையர்களுக்கு, இன்னொன்று கறுப்பின மக்களுக்கு. நடுவில் இருந்த ஏஜென்ட் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஜன்னல் வைத்து டிக்கெட் கொடுப்பார். கட்டடத்தின் வரைபடத்திலேயே ஒதுக்கல் போடப்பட்டிருந்தது. 1892இல் நியூ ஆர்லியன்ஸில் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் ரயில் பெட்டிகளிலும் இப்படிப் பிரித்து வைத்த சட்டத்தைச் சோதிப்பதற்கென்றே முதல் வகுப்பு டிக்கெட் வாங்கி வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்து கைதானார். 1896இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிரித்து வைப்பது தவறில்லை, வசதி சமமாக இருந்தால் போதும் என்றது. சமமாக எங்கும் இருந்ததில்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணிகளை ஸ்டேஷன்களில் இப்படிப் பிரிக்கக் கூடாது என்று ரயில்களைக் கண்காணிக்கும் மத்திய அரசின் ஆணையம் சொன்னது 1955இல்தான்.

ஆனால் அதே ஸ்டேஷன்கள்தான் தப்பிக்கும் வாசலாகவும் இருந்தன. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். மிஸிஸிப்பியிலிருந்து கிளம்பியவர்களுக்கு வழி இல்லினாய் சென்ட்ரல், நம் ஷாம்பெய்ன் கதையின் அதே கம்பெனி. அவர்கள் போய் இறங்கியது ஷிகாகோவின் சென்ட்ரல் ஸ்டேஷன். தெற்கில் கூலிக்கு ஆள் குறைகிறதே என்று சில ஊர்களில் போலீஸார் பிளாட்பாரத்திலேயே மக்களை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஷிகாகோவின் கறுப்பினப் பத்திரிகையான டிஃபெண்டரை, தூங்கும் பெட்டிகளில் வேலை செய்த போர்ட்டர்கள் கட்டுக்கட்டாகத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனை 1974இல் இடித்துவிட்டார்கள்.

நார்த் பிளாட்: பத்து நிமிஷ விருந்து

ஸ்டேஷன் கம்பெனியுடையதுதான், ஆனால் ஊர் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்ட சம்பவங்களும் உண்டு. நெப்ராஸ்காவில் நார்த் பிளாட் என்ற ஊர், யூனியன் பசிபிக் பாதையில் இருக்கிறது. 1941 டிசம்பர் 17, அமெரிக்கா போரில் இறங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. நெப்ராஸ்கா படைப் பிரிவான டி கம்பெனி அந்த வழியாகப் போகிறது என்று ஊருக்குள் செய்தி பரவியது. நம் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று ஜனங்கள் பண்டமும் பழமும் எடுத்துக்கொண்டு டெப்போவுக்கு ஓடினார்கள். வண்டி வந்தது. அதில் இருந்ததும் டி கம்பெனிதான், ஆனால் கான்சாஸ் மாநிலத்தின் டி கம்பெனி. யாரோ பெற்ற பிள்ளைகள்.

கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு கொண்டுவந்ததை எல்லாம் அந்தப் பையன்களுக்கே கொடுத்துவிட்டார்கள். அங்கே இருந்த ரே வில்சன் என்ற இளம்பெண் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். இதை ஒவ்வொரு ராணுவ வண்டிக்கும் செய்தால் என்ன? அந்த கிறிஸ்துமஸ் அன்று தொடங்கியது, 1946 ஏப்ரல் 1 வரை நடந்தது. நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் பிடித்து எண்ணெய் போட வண்டி அங்கே பத்துப் பதினைந்து நிமிஷம் நிற்கும். அதற்குள் சாண்ட்விச், காபி, அவித்த முட்டை, பத்திரிகைகள், பிறந்தநாள்காரனுக்கு முழு கேக். சர்க்கரைக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன் இருந்த காலம் அது. சுற்றுவட்டாரத்தில் 125 ஊர்கள் முறைவைத்து வந்து பரிமாறின. கடைசியில் கணக்குப் பார்த்தால் சுமார் 60 லட்சம் வீரர்கள் அங்கே சாப்பிட்டிருக்கிறார்கள்.

பயணிகள் வண்டி நின்ற பிறகு, 1973இல் கம்பெனி அந்த டெப்போவை இடித்தது. சொத்து அதனுடையது, கேட்க ஆளில்லை.

பெரிய நகரங்களின் அரண்மனைகள்

ஒரு நகரத்துக்கு ஐந்து கம்பெனிகள் வந்தால் ஐந்து ஸ்டேஷன்கள். ஷிகாகோவில் ஒரு காலத்தில் ஆறு பெரிய முனையங்கள் இருந்தன. கிழக்கிலிருந்து வந்து மேற்கே போகிறவர் ஒன்றில் இறங்கி, மூட்டை முடிச்சோடு வண்டி பிடித்து நகரத்தின் குறுக்கே போய் இன்னொன்றில் ஏற வேண்டும். கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து ஒரே ஸ்டேஷன் கட்டினால் அதற்கு யூனியன் ஸ்டேஷன் என்று பெயர். வாஷிங்டன், செயின்ட் லூயிஸ், கான்சாஸ் சிட்டி, லாஸ் ஏஞ்சலிஸ் என்று நாடு முழுக்க இந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். முதல் யூனியன் ஸ்டேஷன் 1853இல் இண்டியானாபொலிஸில் வந்தது.

நியூயார்க்கில் இரண்டு பெரிய கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு கட்டின. பென்சில்வேனியா கம்பெனி 1910இல் பென் ஸ்டேஷனைத் திறந்தது. பழைய ரோமாபுரிக் குளியல் மண்டபங்களைப் பார்த்துக் கட்டியது அது. நியூயார்க் சென்ட்ரல் 1913இல் கிராண்ட் சென்ட்ரலைத் திறந்தது. 44 பிளாட்பாரம், இரண்டு அடுக்கு, எல்லாம் தரைக்குக் கீழே. இதற்கு ஒரு விபத்துதான் காரணம். 1902இல் புகை மூடிய சுரங்கத்தில் சிக்னல் தெரியாமல் ஒரு வண்டி நின்றிருந்த வண்டி மேல் மோதி 15 பேர் இறந்தார்கள். நகரத்துக்குள் நீராவி இன்ஜின் கூடாது என்று சட்டம் வந்தது. கம்பெனியின் தலைமைப் பொறியாளர் வில்லியம் வில்கஸ் யோசித்தார். மின்சார வண்டியில் புகை கிடையாது. புகை இல்லை என்றால் தண்டவாளத்துக்கு மேலே வானம் எதற்கு? மூடிவிட்டு மேலே கட்டடம் கட்டும் உரிமையை விற்கலாம். காற்றை விற்ற காசில் ஸ்டேஷன் எழுந்தது. இன்று பார்க் அவென்யூவில் வரிசையாக நிற்கும் கோபுரங்களின் காலடியில் ரயில்கள் ஓடுகின்றன.

காற்றை விற்கும் இந்த யோசனைதான் ஐம்பது வருஷம் கழித்து பென் ஸ்டேஷனின் உயிரை எடுத்தது. கார், நெடுஞ்சாலை, விமானம் எல்லாம் வந்துவிட்ட காலம். சாலையையும் விமான நிலையத்தையும் அரசாங்கம் கட்டிக்கொடுத்தது. ரயில் கம்பெனியோ தன் ஸ்டேஷனுக்குத் தானே சொத்து வரி கட்டியது. நஷ்டத்தில் இருந்த பென்சில்வேனியா கம்பெனி தலைக்கு மேல் இருந்த இடத்தை விற்றது. 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள். எதிர்ப்பு இருந்தது, ஆனால் தடுக்கச் சட்டம் இல்லை. அந்த இடத்தில் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம் எழுந்தது, ரயில் அதன் அடித்தளத்தில் ஒடுங்கியது. எனக்குக் கம்பெனி மேல் முழுக் கோபம் வருவதில்லை. தன் பொருளைத்தான் அது விற்றது. அது தன்னுடைய பொருளும்கூட என்று நகரம் சொல்லத் தாமதித்துவிட்டது.

1965இல் நியூயார்க் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. அடுத்து கிராண்ட் சென்ட்ரல் மேல் கோபுரம் கட்ட அதன் கம்பெனி முனைந்தபோது நகரம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மறைந்த ஜனாதிபதி கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ் தெருவில் இறங்கி ஆதரவு திரட்டினார். 1978இல் ஆறுக்கு மூன்று என்று நகரம் ஜெயித்தது. அமெரிக்காவில் பழைய கட்டடங்களைக் காக்கும் ஊர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைத்தான் துணைக்கு இழுக்கின்றன.

தரைக்குக் கீழே வேறு கணக்கு

சரி, சப்வேக்கு வருவோம். சுரங்க ரயில் என்றதும் நியூயார்க்தான் நினைவுக்கு வரும். முதலில் தோண்டியது பாஸ்டன். அங்கே டிரெமான்ட் தெருவில் டிராம்கள் ஒன்றன் பின் ஒன்றாக நகராமல் நின்றன. டிராமைத் தெருவுக்கு அடியில் விட்டுவிட்டால் என்ன என்று யோசித்து 1897 செப்டம்பர் 1 அன்று சுரங்கம் திறந்தார்கள். பார்க் ஸ்ட்ரீட், பாயில்ஸ்டன் என்ற அந்த முதல் இரண்டு ஸ்டேஷன்களும் இன்னும் இயங்குகின்றன. பாயில்ஸ்டன் பக்கம் தோண்டியபோது பழைய இடுகாட்டிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் வெளியே வந்தன. அவற்றை எடுத்து மறுபடி அடக்கம் செய்தார்கள்.

நம் கேள்விக்கு இங்கே பதில் வேறு. சுரங்கம் தோண்ட ஆகும் செலவைத் தனியார் தாங்க முடியாது. பாஸ்டனில் நகரத்தின் பணத்தில் கட்டி டிராம் கம்பெனிக்குக் குத்தகை விட்டார்கள். நியூயார்க்கிலும் அதே ஏற்பாடு. 1894இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, நகரமே கட்டலாம் என்று முடிவானது. 1904 அக்டோபர் 27 அன்று 28 ஸ்டேஷன்களோடு முதல் பாதை திறந்தது. கட்டணம் ஐந்து சென்ட். தொடக்க வண்டியை ஓட்டிப்பார்க்கக் கைப்பிடியைப் பிடித்த மேயர் மெக்லெலன் அதை விடவே மாட்டேன் என்று வெகுதூரம் ஓட்டினார். அந்த ஐந்து சென்ட் கட்டணம் 1948 வரை ஏறவில்லை. தொட்டால் ஓட்டுப் போகும் என்று அரசியல்வாதிகளுக்குப் பயம். அந்தக் காசில் கம்பெனிகள் தேறவில்லை. 1940இல் நகரமே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

முதல் ஸ்டேஷன்களில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் வைத்தார்கள். ஆஸ்டர் பிளேஸில் சுவர் ஓட்டில் நீர்நாயைப் போன்ற பீவர் என்ற விலங்கு செதுக்கியிருக்கும். ஆஸ்டர் குடும்பம் பணக்காரர் ஆனது பீவர் தோல் வியாபாரத்தில். எல்லாவற்றிலும் அழகானது சிட்டி ஹால் ஸ்டேஷன். வளைந்த கூரை, கண்ணாடி, ஓட்டு வேலைப்பாடு. ஆனால் பிளாட்பாரமும் வளைவு. நீளமான பெட்டிகள் வந்ததும் பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே அபாயமான இடைவெளி விழுந்தது, கூட்டமும் குறைவு. 1945 கடைசி நாளோடு மூடிவிட்டார்கள். 6ஆம் எண் வண்டி இன்றும் திரும்புவதற்காக அதன் வழியே சுற்றி வருகிறது.

இல்லினாய் புல்வெளியில் நடந்தது நியூயார்க்குக்குள்ளும் நடந்தது. குவீன்ஸ் பகுதி அப்போது பெரும்பாலும் தோட்டமும் வயலும். 1917இல் 7ஆம் எண் பாதை உயரத் தூண்கள் மேல் அந்த வயல்களுக்கு நடுவே நீண்டது. பழைய படங்களில் ஸ்டேஷன் மட்டும் ஆகாயத்தில் நிற்கும், கீழே காலி மனைகள். 1920இல் குவீன்ஸின் மக்கள்தொகை 4.7 லட்சம். 1930இல் 10.8 லட்சம். 1928இல் பாதை ஃபிளஷிங் வரை போனது. 1965க்குப் பின் குடியேற்றச் சட்டம் மாறியதும் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள் இந்தப் பாதையை ஒட்டிக் குடியேறினார்கள். நம்மவர்களும் அதில் உண்டு. கடைசி ஸ்டேஷனில் இறங்கி, பௌன் தெருவுக்குப் போனால் 1977இல் குடமுழுக்கு நடந்த மகா வல்லப கணபதி கோவில். கீழே கேன்டீனில் தோசை கிடைக்கும்.

எல்லா நகரத்துக்கும் இது வாய்க்கவில்லை. சின்சினாட்டி 1920இல் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தது. பணம் தீர்ந்தது, விலைவாசி ஏறியது, கார் வந்தது. ஸ்டேஷன்கள் கட்டி முடித்தும் ஒரு பயணி கூட ஏறாமல் இன்றைக்கும் தெருவுக்கு அடியில் கிடக்கின்றன.

வண்டி போன பிறகு

1967இல் தபால் துறை ரயிலை விட்டு விமானத்துக்கும் லாரிக்கும் மாறியது. பல பயணிகள் வண்டிகள் தபால் வருமானத்தில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. 1971 மே 1 அன்று ஆம்ட்ராக் என்ற பொது நிறுவனம் பயணிகள் வண்டிகளை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய பாதியை அன்றே நிறுத்திவிட்டது. ஸ்டேஷன்கள் அனாதையாயின. பல சிற்றூர் டெப்போக்கள் நூலகமாக, உணவகமாக, அருங்காட்சியகமாக மாறின. சிலவற்றைப் பெயர்த்து வேறு இடத்துக்கே கொண்டுபோனார்கள். பல விறகாயின.

கான்சாஸ் சிட்டி ஒரு காரியம் செய்தது. அதன் யூனியன் ஸ்டேஷன் பாழடைந்து கிடந்தபோது, 1996இல் மிசூரி, கான்சாஸ் என்ற இரண்டு மாநிலங்களிலும் உள்ள வாக்காளர்கள் அதைப் புதுப்பிக்கத் தங்களுக்குத் தாங்களே விற்பனை வரி போட்டுக்கொண்டார்கள். 1999இல் திறந்தது. வண்டிகளும் பிறகு உள்ளே திரும்பின.

டெட்ராய்ட்டின் மிச்சிகன் சென்ட்ரல் ஸ்டேஷன் 1988இல் மூடியது. ஜன்னல் உடைந்து, கம்பியும் பளிங்கும் களவுபோய், பதினெட்டு மாடியும் எலும்புக்கூடாக நின்றது. அந்த நகரத்தின் வீழ்ச்சியைச் சொல்ல வந்த பத்திரிகைகள் எல்லாம் இந்தப் படத்தையே போட்டன. 2018இல் ஃபோர்டு கம்பெனி வாங்கியது. ரயிலின் பயணிகளைக் காருக்கு இழுத்த ஊரில், கார் கம்பெனி ரயில் ஸ்டேஷனை மீட்டது. செய்தி வெளியானதும் யாரோ ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, ஸ்டேஷனிலிருந்து காணாமல் போன கடிகாரம் தன்னிடம் இருக்கிறது, திருப்பித் தரலாமா என்று கேட்டார். சொன்ன இடத்தில் போய்ப் பார்த்தால் ஒரு பாழடைந்த கட்டடத்தின் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். 2024 ஜூனில் கட்டடம் மறுபடி திறந்தது.

ஷாம்பெய்னில் இப்போது வண்டி நிற்கும் இடத்துக்கு இல்லினாய் டெர்மினல் என்று பெயர். 1999இல் திறந்தது. ஷிகாகோவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகும் வண்டி அங்கே நிற்கிறது. தண்டவாளம் இன்னும் தனியார் கம்பெனியுடையது, வண்டி ஆம்ட்ராக்குடையது. கட்டடம் மட்டும் ஷாம்பெய்னுக்கும் அர்பானாவுக்கும் சேர்த்து பஸ் விடும் உள்ளூர்ப் போக்குவரத்து அமைப்புக்குச் சொந்தம். வண்டியை விட்டு இறங்கியதும் வாசலில் பஸ் நிற்கும். அர்பானாவுக்கு அதே இரண்டு மைல்தான்.